அமர்ந்தோருக்கு அடியில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3

அன்புள்ள ஊசிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று பொதுவாகக் கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் பிரித்துக் கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? பல்வலி போயிற்றா? போர்வை கொடுத்தார்களா? அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனாலும் காய் நறுக்க நாற்காலியில் உட்காரமாட்டாளாம்.

தாளின் பின்பக்கம் இருக்கும் கொம்பு வைத்த ஜந்துவைப் பார்த்துப் பயப்படாதே. ஆபீஸில் அச்செடுத்து வேண்டாமென்று தூக்கிப் போட்ட படம் அது. நல்ல கெட்டித் தாள், வீணாக்க மனசு வரவில்லை.

எங்கள் கம்பெனி புது கேம் ஒன்று செய்கிறது. காடு, கடல், கோட்டை, சந்தை என்று ஒரு முழு உலகம். மனிதர்களுக்கு முன்னால், தெய்வங்களுக்கும் முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. மேனேஜர் மூன்று ஆதி இனங்கள் கேட்டார். ஏசி அறையிலும் தொப்பியைக் கழற்றாத மனுஷன், அதனால் எங்களுக்கு அவர் தொப்பி. காற்றை மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு போகிற எலும்பில்லாத நெட்டையர்களைக் கொடுத்தேன், பெயர் காற்றுமேய்ப்பர். முதல் கடலை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிற ஒற்றை மிருகத்தைக் கொடுத்தேன், பெயர் கடல்குடியன். மூன்றாவதற்கு மூளை ஓடவில்லை. அப்புறம் என்ன, சின்ன வயதில் நீ கதை கட்டிய உன் குந்தாணிகளைக் கொடுத்துவிட்டேன். கேமில் அவர்களுக்குக் கௌரவமான பெயர், அமர்ந்தோர்.

ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் உன்னை வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னால் நீ உட்கார்ந்துவிடுவாய். ஏன்டா என்றால், "நான் குந்தாணி இனம், எங்க ஆளுங்க யார் சொன்னாலும் எந்திரிக்க மாட்டோம்" என்பாய். உடம்பு ஊசி, இனம் மட்டும் மலை.

இப்போதும் அதைத்தானே செய்திருக்கிறாய். கேபிள் பாக்டரியில் வேகம் போதவில்லை என்று மெஷின் மூடியைக் கழற்றினார்கள். கூட வேலை பார்த்தவன் கை மாட்டிக்கொண்டது. மூடியை மாட்டுகிற வரைக்கும் மெஷின் ஓடாது என்று சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாய். சரி, உட்கார்ந்தாய். உன்னோடு உட்கார்ந்து ஜெயிலுக்குள் போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். "நான் செய்தது தவறு" என்று ஒரே ஒரு வரி. எழுதிக் கொடுத்துவிட்டு வாடா. உட்கார்ந்துகொண்டே ஒற்றைக்காலில் நிற்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதற்கிடையில் எனக்குப் பதில் வேண்டும். குந்தாணிகள் ஏன் உட்கார்ந்தார்கள்? என்ன சாப்பிடுவார்கள்? அடியில் என்ன இருக்கிறது?

அம்மா உன்னைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

தூக்கம் வருகிறது, பல்வலி போய்விட்டது, போர்வை கிடைத்தது. வரிசையாகக் கேட்டாய், வரிசையாகச் சொல்லிவிட்டேன். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல். நான் சொன்னதாகச் சொன்னால் கேட்கமாட்டாள், டாக்டர் சொன்னதாகச் சொல்.

உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. அதுவும் குந்தாணி, காற்றுமேய்ப்பர், கடல்குடியன் என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கறுப்பு மை. போதாக்குறைக்குத் தபால் படிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி போட்ட மேஜை, ஒரு மைப்புட்டி, ஒரு தூரிகை, ஆறிப்போன டீ. உன் கடிதத்தை விரலால் தட்டி, மை பூசிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "யாருய்யா இந்தக் கடல்குடியன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"யார் சொன்னாலும் எந்திரிக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கு. மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார். மனுஷன், தொழிற்சங்கத்து ஆட்களின் ரகசியப் பெயர் என்று நினைத்துவிட்டார், அக்கா. வேறு வழியில்லாமல் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "அவங்கதான் முதல்ல இருந்தவங்கன்னா, அவங்களைப் பண்ணது யாரு?" அது இன்னும் யோசிக்கவில்லை என்றேன். யோசித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கறுப்பு மை. இந்தக் கடிதத்தையும் அவர்தான் முதலில் படிப்பார். வணக்கம் சார்.

இனி உன் கேள்விகள். ஆரம்பத்தில் உலகம் இறுகவில்லை. அப்போதுதான் பூசிய சிமெண்ட் தரை மாதிரி கொழகொழவென்று இருந்தது. மலை ஒரு நாள் இங்கே இருக்கும், மறுநாள் எங்கேயோ போயிருக்கும். ஆறு தன் தடத்தைத் தானே தொலைத்துவிட்டு அலையும். குந்தாணிகள் அதில் நடந்துபார்த்தார்கள், கால் புதைந்தது. ஒருவர் அசந்துபோய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் இறுகியது. சரி, இதுதான் வழி என்று இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உலகம் நின்றது. சாப்பாடு கிடையாது, மேலே விழுகிற பனி போதும். பேச்சு உண்டு. ஆனால் ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்வதற்குள் நடுவில் ஒரு காடு வளர்ந்துவிடும். நம் தபாலைவிடக் கொஞ்சம் வேகம்.

பிறகுதான் வந்தார்கள் புதியவர்கள். தலையில் கிரீடம், கையில் கோல். இந்த உலகம் எங்களுடையது, எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். காற்றுமேய்ப்பர்கள் எழுந்தார்கள். கடல்குடியன்கூட எழுந்தான், எழுந்த வேகத்தில் பாதிக் கடல் சிந்திப்போயிற்று. குந்தாணிகள் மட்டும் எழவில்லை.

அடியில் என்ன இருக்கிறது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அந்த ஒரு வரியை எழுதமாட்டேன், அக்கா. அவன் கை போனது பொய்யில்லை, மூடி இல்லாததும் பொய்யில்லை. நான் செய்ததில் தவறு எங்கே இருக்கிறது? நீ ஆபீஸில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வீடு வந்து சேர்.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தை அம்மா கேட்டுக் கேட்டு நான் படித்துப் படித்து எனக்கே மனப்பாடமாகிவிட்டது. நலம்தான். டாக்டர் பேச்சும் எடுபடவில்லை, தரையில்தான் உட்காருகிறாள்.

கறுப்பு மை சாருக்கும் என் வணக்கம். கடல்குடியன் யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்று அவருக்குச் சொல்.

நீ அனுப்பியதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். தொப்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படம் போடும் பெண் அமர்ந்தோரை வரைந்தாள், அப்படி ஒரு அழகு. தோளில் மரம், மடியில் குளம், முகத்தில் மட்டும் சலிக்காத ஒரு பார்வை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அப்போதுதான் தொப்பி வாயைத் திறந்தார். "சூப்பர். இவங்களைக் கொன்னா என்ன கிடைக்கும்?"

உனக்கு இது புரிய வேண்டும். இந்த மாதிரி கேமில் கண்ணில் படுகிற எதையும் அடிக்கலாம். அடித்தால் செத்துவிழும், விழுந்தால் ஏதாவது ஒரு பொருள் கிடைக்கும், கொம்போ கத்தியோ மருந்தோ. இவர்களை அடிக்க முடியாது, அடித்தாலும் சாகமாட்டார்கள், அதுதான் இவர்கள் கதை என்றேன். அப்படியானால் இவர்கள் எதற்கு, வெறும் அலங்காரமா என்று கேட்டார். இவ்வளவு காலம் ஒருத்தர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அடியில் புதையல் இல்லாமல் இருக்குமா, ஆட்டக்காரன் முட்டாளா என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

விடமாட்டேன். ஆனால் சண்டை போட எனக்குப் பதில் வேண்டும். அடியில் என்னதான்டா இருக்கிறது?

அம்மா நான் வீட்டுக்குக் கொண்டுவந்த சோதனை மெஷினில் கேமை விளையாடிப் பார்த்தாள். ஆற்றங்கரைத் தவளை கடித்தே செத்துப்போனாள். "இதுக்கு ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு சம்பளம்" என்று எழுந்துபோனவள், சாயங்காலம் மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

உன் விஷயத்தில் அவளுடைய பேச்சும் என் பேச்சும் ஒன்றுதான். அந்த வரியை எழுதிக் கொடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு வணக்கம். நலம். அம்மா நலமா? தவளையை வாலில் அடிக்கச் சொல்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, தவளைக்கு வால் கிடையாது என்று கறுப்பு மை ஓரத்தில் எழுதியிருக்கிறார் பார், அவர் கையெழுத்துதான் அது. எங்கள் உலகத்தில் ஆதித் தவளைக்கு வால் இருக்கலாம் சார், நீங்கள் பார்த்தீர்களா?

இப்போது அவர் பெயர்களில் மை பூசுவதில்லை. ஜெயில் சூப்பிரண்டு கேட்டால் இது சினிமாக் கதை மாதிரி என்று சொல்லிவிடுகிறாராம்.

அடியில் ஒன்றும் இல்லை, அக்கா.

நிஜமாகவே ஒன்றும் இல்லை. வெறும் மண். சின்ன வயதிலேயே எனக்கு அது தெரியும், நீ கேட்டபோதெல்லாம் பெரிய ரகசியம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். புதியவர்கள் நம்பவே இல்லை. ஒன்றுமில்லாமல் எவனாவது உட்காருவானா, தங்கம் இருக்கும், இல்லாவிட்டால் எங்களுக்கு முன்பிருந்த ராஜாவின் வாள் இருக்கும் என்று சுற்றிச் சுற்றித் தோண்டினார்கள். தோண்டிய குழிகள்தான் பள்ளத்தாக்குகள் ஆயின.

இங்கேயும் அதே கேள்விதான். உனக்குப் பின்னால் யார்? எதிர்க்கம்பெனி எவ்வளவு கொடுத்தது? வெளியே போய்த் தேர்தலில் நிற்கப் போகிறாயா? மூடியை மாட்டச் சொன்னேன் சார் என்றேன். அது தெரியும், அதற்கு அடியில் என்ன என்று கேட்டார்கள். அதற்கு அடியிலும் மூடிதான் சார் என்றேன். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு அடியில் ஏதாவது இருந்திருந்தால் கொடுத்துவிட்டு எழுந்திருப்பேன். இல்லாததால்தான் எழ முடியவில்லை. இதை உன் தொப்பியிடம் சொல்லிப் பார். புரியவில்லையென்றால் விட்டுவிடு, அவர் இஷ்டப்படி புதையலை வைத்துக்கொள்ளட்டும். கல்லுக்காகவும் மண்ணுக்காகவும் வேலையைப் போக்கிக்கொள்ளாதே. அம்மாவின் மருந்து உன் கையில்தான் இருக்கிறது.

மற்றவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். செல் இப்போது விசாலமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பேனா மோசம் என்று வைத்துக்கொள்.

தம்பி


மே 4

ஊசி,

பேனா மோசமென்றால் எழுத்து மங்கும், கோணாது. ஒன்றாம் வகுப்பில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளிடம் கதை விடாதே. இது இடது கையால் எழுதியது. வலது கைக்கு என்ன ஆயிற்று? கறுப்பு மை சார், இந்த வரியில் மை பூசாமல் அவனிடம் கொடுங்கள். ஒரு அக்கா கேட்கிற கேள்வி இது.

அம்மாவிடம் காட்டவில்லை. படித்துக் காட்டும்போது "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

இங்கே ஆபீஸில் தீர்ப்பு வந்துவிட்டது. அடியில் ஒன்றும் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன், ஆமாம், எழுந்துதான் சொன்னேன், என்ன செய்வது. தொப்பி நிதானமாகக் கேட்டுவிட்டு, அமர்ந்தோரைக் கொல்லலாம், அடியில் ஆதிமணி என்று ஒரு ரத்தினம் இருக்கும், அது இருந்தால் ஆட்டக்காரனின் பலம் இரட்டிப்பாகும் என்று முடித்துவிட்டார். பின்பக்கம் திருப்பிப் பார். நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிகிறதா? அங்கே அடித்தால் சீக்கிரம் சாவார்களாம். வரைந்த பெண் அதை வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

கேமில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இரண்டு வரி விவரம் இருக்கும். ஆதிமணிக்கு அதை எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். நீ எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள் என்றார் தொப்பி. அது உண்மைதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, நானே எழுதுகிறேன் என்றேன்.

கையைப் பற்றிப் பதில் எழுது.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதத்தில் முதல் பத்தி முழுக்கக் கறுப்பாக இருந்தது. என்ன கேட்டாய் என்று தெரியவில்லை, ஆனால் என்ன கேட்டிருப்பாய் என்று தெரியும். சாப்பிடுகிறேன். நடக்கிறேன். எழுதுகிறேன். அம்மாவிடம் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றே சொல்.

சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுந்தவர்களை இளக்காரமாக எழுதிவிடாதே. நேற்று கறுப்பு மை ரொம்பக் கோபமாக வந்தார். காற்றுமேய்ப்பர்கள் ஏன் எழுந்தார்கள், அவர்களும் உட்கார்ந்திருந்தால் புதியவர்கள் என்ன செய்திருக்க முடியும், வெட்கமில்லையா அவர்களுக்கு என்று சண்டைக்கே வந்துவிட்டார். நான் சொன்னேன், அவர்களுக்குக் குஞ்சு குளுவான் இருந்தது சார், காற்று ஓரிடத்தில் நின்றால் செத்துப்போகும், ஓட்டித்தான் ஆக வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் ஒருவனுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது. போகும்போது என் காலைத் தொட வந்தான், சீ போடா என்று விரட்டிவிட்டேன். அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

என்ன எழுதப் போகிறாய், அக்கா? "சரி, நானே எழுதுகிறேன்" என்று நீ சொன்னால் அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேலையைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள ஊசிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்டால் மை பூசுவார்கள், அதனால் கேட்காமலே கேட்டதாக வைத்துக்கொள்.

கேம் வெளியே வந்துவிட்டது. முதல் நாளே அமர்ந்தோரைத் தேடித் தேடி அடித்தார்கள். அவர்கள் கையை ஓங்கவில்லை, நகரவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுகிறவர்களிடம் மன்றாடி அதை மட்டும் காப்பாற்றியிருந்தேன். சிவப்புப் பொட்டில் அடித்து விழவைத்து, ஆதிமணியை எடுத்து, கீழே இருக்கும் விவரத்தைப் படித்தார்கள். நான் எழுதியது இதுதான்:

"இவருக்கு அடியில் இது இல்லை. ஒன்றுமே இல்லை. இவர் உட்கார்ந்திருந்தார். நீ நின்றுகொண்டிருந்தாய். இன்னும் நிற்கிறாய்."

ஆபீஸில் யாரும் கவனிக்கவில்லை. பலம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று எண்களைத்தான் சரிபார்ப்பார்கள். எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் ஆட்டக்காரர்கள் படித்தார்கள், ஊசி. சிலர் கண்டபடி திட்டினார்கள். சிலர் சத்தமில்லாமல் மணியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். வைத்தாலும் செத்தவர் எழமாட்டார், அவர்தான் உயிரோடு இருந்தபோதே எழாதவராயிற்றே.

கேமில் உட்காருவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. சும்மா வேடிக்கைக்கு வைத்தது, எதற்கும் உதவாது. உட்கார்ந்தவனை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். ஒரு நாள் அம்மா அமர்ந்தோர் ஒருவர் பக்கத்தில் போய் அந்தப் பொத்தானை அழுத்தி உட்கார்ந்தாள். என்னம்மா பண்றே என்றால், "இங்கயாவது முட்டி வலிக்காம உட்காரலாமேன்னு பார்த்தேன்" என்றாள். வேறெங்கோ இருந்து ஆடுகிற யாரோ ஒருவன் வாளோடு வந்தான். அம்மா எழவில்லை. அவன் அம்மாவை வெட்டிவிட்டுத்தான் அவரை வெட்ட முடியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இதை அம்மாதான் ஆரம்பித்தாள் என்று சொல்லமாட்டேன். உலகத்தின் வேறு மூலைகளிலும் ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இப்போது எந்த மலைப்பக்கம் போனாலும் அமர்ந்தோரைச் சுற்றி ஒரு கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எழுந்தவர்களை இளக்காரமாக எழுதவில்லை. காற்றுமேய்ப்பர்களின் கதையில் குஞ்சுகளைச் சேர்த்துவிட்டேன். கறுப்பு மை சாரிடம் சொல்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதத்தை இங்கே சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்து செல்காரர்கள் அம்மா கதை வந்ததும் மறுபடி படி, மறுபடி படி என்றார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் இப்போது அம்மாவைத் தெரியும். அவள் முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆனால் நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஜந்து இல்லை. கொம்பு இல்லை, சிறகு இல்லை. அம்மா பால் கணக்கு எழுதுகிற கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். கெட்டித் தாள் இனிமேல் கிடைக்காது என்று அர்த்தமா? நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டு, உன் விஷயத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாயா? எனக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னவள் நீ.

அடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் வருகிறாராம். கடைசியாக ஒரு முறை கேட்பார்களாம். அவர் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று இப்போதே ஒத்திகை நடக்கிறது.

கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் தபால் தாமதம் என்று அம்மாவிடம் சொல். குந்தாணிகளின் பேச்சுக்கு நடுவில் ஒரு காடு வளரும் என்று சொன்னேனே, அப்படி நினைத்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. அது உன் கைக்கு வந்ததா என்றும் தெரியவில்லை, அதனால் அதில் இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தபால் தாமதம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னாள். அவளை ஏமாற்ற நமக்குச் சாமர்த்தியம் போதாது.

நீ தாளைத் திருப்பிப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. ஆமாம், வேலை போய்விட்டது. தொப்பி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "கவனக்குறைவால் எழுதிவிட்டேன், வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போட்டால் நாற்காலி இருக்கும் என்றார். பேனாவையும் எடுத்தேன், ஊசி. அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்தது. ஆனால் கவனக்குறைவு என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை ஓடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையுமே எழுதியதில்லை. அதை எப்படிக் கவனக்குறைவு என்பேன்? ஒரு வரி எழுதிக் கொடு என்று உனக்கு எவ்வளவு சுலபமாக எழுதினேன்! அது எத்தனை பெரிய வரி என்று எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். மருந்துக்குக் குறையில்லை.

கேமில் ஆதிமணியின் விவரத்தை மாற்றிவிட்டார்கள். "அரிய ரத்தினம்" என்று இருக்கிறது. ஆட்டக்காரர்கள் பழைய வரியைச் சந்தைச் சுவரெல்லாம் எழுதி வைத்தார்கள். உட்காருவதைத் தடுக்க முடியாமல் கம்பெனி ஒரு வேலை செய்தது பார், இப்போது உட்காருவதற்குப் பட்டு மெத்தை விற்கிறார்கள்! யாரும் வாங்காமல் இல்லை, வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் தரையிலேயே உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மா தரைதான்.

உனக்குப் பாக்டரியிலிருந்து ஒரு செய்தி. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தானே, குழந்தை பிறந்தவன், அவன் வீட்டுக்கு வந்தான். மெஷின்களுக்கு மூடி மாட்டிவிட்டார்களாம். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மாட்டியிருந்ததாம். சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

பிப்ரவரியில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த வரியை எழுதாதே. அவர்கள் என்ன கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் எழுதாதே. நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். அம்மாவிடம், அவனுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். தூக்கிவிடக் கை நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனை எந்திரிக்கச் சொல்லாதே. நானும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

உன் அக்கா


அக்டோபர் 27

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் யார் என்று தங்களுக்குத் தெரியும். நீங்கள் இருவரும் எனக்கு வைத்திருக்கும் பெயரும் எனக்குத் தெரியும். இது அலுவலகக் கடிதம் அல்ல.

மேலதிகாரி வந்தபோது தங்கள் தம்பி எழுந்து நிற்கவில்லை. அதனால் அவர் இப்போது தனி அறையில் இருக்கிறார், கடிதம் எழுதவோ வாங்கவோ அனுமதி இல்லை. தங்கள் செப்டம்பர் கடிதம் என் மேஜையில்தான் கிடந்தது. மே மாதம் தாங்கள் கையைப் பற்றிக் கேட்டிருந்த வரிகளில் மை பூசியது நான். கை இப்போது பரவாயில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

அக்டோபர் கடிதத்தையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் படிப்பது என் வேலை. அதை எங்கே இருந்து படிக்க வேண்டும், மனதுக்குள் படிக்க வேண்டுமா, வாய்விட்டுப் படிக்க வேண்டுமா என்று விதியில் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். எனவே இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவுக்கு வெளியே வைத்துப் படித்தேன்.

மூடி மாட்டிய செய்தி வந்ததும் உள்ளேயிருந்து, "இன்னொரு தடவை சார்" என்று குரல் கேட்டது. படித்தேன். தங்கள் தாயார் சொன்னதைப் படித்தபோது அவர் கதவருகே நகர்ந்து வருவது கேட்டது. பிறகு, "அவங்களைப் பண்ணது யாருன்னு கேட்டீங்கல்ல சார், யோசிச்சிட்டேன். யாரும் பண்ணலை. ஒருத்தர் உட்கார்ந்தார், அதைப் பார்த்து இன்னொருத்தர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்" என்றார். இதைத் தங்களுக்குச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. கதைக்குத் தேவைப்படும் என்று நானாக எழுதுகிறேன்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

படிக்க ஆரம்பித்தபோது வார்டர் எனக்கு நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். உள்ளே அவர் தரையில் இருக்கும்போது வெளியே நான் நின்றுகொண்டு படிப்பது சரியாகப் படவில்லை. அதனால் கதவோரம் தரையில் உட்கார்ந்துதான் படித்தேன். இரண்டாவது கடிதத்தின் பாதியில் சூப்பிரண்டு அந்தப் பக்கமாக வந்தார். நான் எழவில்லை.

இப்படிக்கு,
கறுப்பு மை